புரை முத்தும் வரை

அறையில் நான்கு பேர் இருந்தோம்: கண் டாக்டர், ஒரு நர்சம்மா, என் தங்கை மீனம்பாள், நான். மின்விசிறி ஓடவில்லை. 1964 ஆவணி, சென்னை.

மீனம்பாளுக்கு இடது கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை இறங்குவதுபோல் இருந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்தபின், விளக்கு வைத்த கருவியால் வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டவன் நான். ஆனாலும் முழுக்கப் புரிந்தது. கண்ணுக்குள் பின்பக்கம் கறுப்புக் கட்டி. புற்று. இந்த மாதமே கண்ணை எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு. விட்டால் ஈரலுக்குப் போகும். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. கண்ணாடிக் கண் வைத்தால் யாருக்கும் தெரியாது என்றார். அவருக்கு எங்கள் ஊர் செஞ்சியைத் தெரியாது.

சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னாண்ணா சொன்னாரு?" வெளியே வந்ததும் கேட்டாள்.

"புரையாம்."

"எனக்கா? இருபத்தாறு வயசுல கெழவியாக்கிட்டாரா?" சிரித்தாள். "அறுக்கணுமா?"

"முத்தணுமாம். அப்புறந்தான்."

மேலே கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் புரை முத்தும்வரை, பார்வை முழுக்க மங்கும்வரை காத்திருப்பார்கள். பார்வை போகப்போக, நாள் நெருங்குகிறது என்றுதான் அவள் நினைப்பாள். அதை யோசித்துத்தான் சொன்னேன்.

ஏன் என்று கேட்டீர்கள். நைனா செத்ததால் படிப்பை விட்டேன். ஒன்பது வருடம் அரிசி ஆலையில் இரவு ஷிப்ட். அவளைக் கட்டிக்கொடுக்காமல் நான் எங்கும் நகர முடியாது. மூன்று இடம் தட்டிப்போய், அனந்தபுரத்துக் கன்னியப்பன் அமைந்தான். தை மாதம் முகூர்த்தம். ஒற்றைக் கண்ணோடு இருப்பவளை எவன் கட்டுவான்? கல்யாணம் முடிந்து சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்தபின் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சொல்லவில்லை.

கல்யாணமாகிப் போனபின், அனந்தபுரத்திலிருந்து வரும்போதெல்லாம் கேட்பாள்: "ஒண்ணுமே தெரியலண்ணா. முத்திடுச்சா?" "இன்னும் கொஞ்சம்" என்பேன். எரிச்சலாக இருக்கும். ஒன்றையே எத்தனை முறை கேட்பது?

போன அமாவாசையன்று கன்னியப்பன் அவளைக் கூட்டிவந்தான். கண் சிவந்து பிதுங்கியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே வயிறு வீங்கியிருந்தது.

"இது புரையே இல்ல மச்சான். எங்க ஊரு கம்பவுண்டரே சொல்லிட்டாரு. அதே டாக்டராண்ட போலாம், பழைய சீட்டு வெச்சிருப்பாரு. நான் காரு பேசிட்டு வந்துட்றேன்."

பழைய சீட்டில் என் கையெழுத்து இருந்தது.

ஆலையின் பின்னால் பழைய நெல் குடோன். அறுவடை வரை யாரும் திறப்பதில்லை. அங்கே அழைத்துப்போனேன்.

"காரு இங்கியா வரும்?"

"வரும்."

"வலிக்கு ஒரு ஊசியாவது போடுவாங்க இல்லண்ணா?"

"போடுவாங்க."

மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள் என்று கன்னியப்பனிடம் சொன்னேன். அமாவாசைக் கூட்டத்தில் அவன் இரண்டு நாள் தேடினான். நான்காம் நாள் நீங்கள் அவளை வெளியே எடுத்தீர்கள். கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான்தான். ஆனால் அவள்மேல் நான் கை வைத்ததில்லை. கோணி விரித்துக் கொடுத்தேன். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தேன். அவள் கண்ணயர்ந்தபின், தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று, சத்தம் வராமல் கதவைச் சாத்திப் பூட்டினேன்.