கோல் இல்லாமல் மேபல் கிளம்பமாட்டாள்

சரக்குப் பெட்டியின் தட்டையான முதுகைக் கழுவி, நான்கு நாற்காலி போட்டு, அதற்கு மேடை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த மேடையில் ஆடாமல் அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, நகர மன்றத் தலைவி அவர்களே, முதல் வரிசையில் கறுப்புத் தொப்பிக்கடியிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் கோரல் அம்மையார் அவர்களே, கோதுமை அறுவடையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் பெருமக்களே, லாமிங்டன் கேக்குகளுக்கு ஈ விரட்டிக்கொண்டிருக்கும் மகளிர் குழுவினரே, கொட்டகைக்குள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் எஞ்சின்களே, உங்கள் எல்லோருக்கும் ரேலீனின் வணக்கம்.

எழுதி வைத்துப் படிக்கச் சொன்னார்கள். எழுத்துகளை நான் தாளில் பார்த்தால் அவை நாயைக் கண்ட ஆட்டுக்கூட்டம் போலச் சிதறி ஓடும். ஆகவே வாயில் வருவதைப் பேசுகிறேன்.

வாட்டில் கிரீக் ரயில் அருங்காட்சியகத்தின் நிறுவனர், தலைவர், தடப் பொறுப்பாளர், கரி அள்ளுபவர், கழிப்பறை கழுவுபவர், பெரியவர் லான்ஸ் பெட்டிக்ரூ அவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டார். போய்விட்டாரா? இன்னும் போகவில்லை. அதோ, நம் எஞ்சின் மேபல் நீராவி ஏற்றிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறாளே, அவளுடைய கரித்தொட்டியின் மேல் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். பெப்பர்ட்ரீ இடுகாட்டுக்கு ரயிலில்தான் வருவேன் என்றார். கொண்டுபோகிறோம். ஆனால் திரும்பி வருவோமா என்பதுதான் கேள்வி. அதை இந்தக் கூட்டம் முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிருந்து பெப்பர்ட்ரீ வரை ஒற்றைத் தண்டவாளம். அதற்கு ஒரே ஒரு கோல். கை நீளத்துக்குச் சிவப்பு மரம், முனையில் பித்தளை. அந்தக் கோல் யார் கையில் இருக்கிறதோ அவருடைய வண்டி மட்டுமே தண்டவாளத்தில் போகலாம். கோல் இல்லையென்றால் எஞ்சின் அங்குலம் நகரக் கூடாது. கோலைத் தரையில் வைக்கக் கூடாது, ஆணியில் மாட்டக் கூடாது, கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். இது லான்ஸ் அவர்களின் சட்டம். காலையில் எனக்கு வணக்கம் சொன்னதில்லை அந்த மனிதர். "கோல் எங்கே?" என்றுதான் கேட்பார்.

இவர் என்ன செய்தார் இந்த ஊருக்கு? பூங்காவில் குழந்தைகள் சறுக்கு விளையாட நிறுத்தி வைத்திருந்த மேபலை யார் மீட்டது? அடுப்புக்குள் குடும்பத்தோடு குடியிருந்த பாஸம் என்ற மரப்பிராணிகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, கடி வாங்கி, வெளியே விட்டது யார்? பழைய இரும்புக்காரனின் லாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிஷப் என்ற அந்தப் பழைய எஞ்சினைக் காப்பாற்றியது யார்? பிஷப் இன்றுவரை ஓடியதில்லை, ஓடப்போவதும் இல்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அதற்கு எண்ணெய் போட்டார். ஏன் என்று கேட்டேன். அதுக்குத் தெரியாதும்மா, ஓடப்போறதில்லேன்னு, என்றார்.

என் கல்யாணத்துக்கு வருவோம். மணப்பெண்ணை மேபல் இழுத்துக்கொண்டு பெப்பர்ட்ரீ தேவாலயத்துக்குப் போவதாக ஏற்பாடு. நான் வெள்ளை உடையில் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன். காலையில் நம் கொட்டகையில் வேலை செய்யும் நெவில், தண்டவாளத்தில் ஓடும் டிராலியில் கோலோடு போய் அங்கே தோரணம் கட்டினான். கட்டிவிட்டு, ஐஸ் வாங்க வேண்டும் என்று யாருடைய காரிலோ தொற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டான். கோல்? சட்டப்படி கையிலிருந்து கைக்கு, மாப்பிள்ளை டாரலிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

எல்லோரும் கெஞ்சினோம். இந்த ரயில்வேயில் உயிரோடு இருப்பதே ஒரு எஞ்சின்தான், எதிரே என்ன வந்து மோதப்போகிறது என்று என் அப்பா கத்தினார்.

"அது எனக்குத் தெரியும். தண்டவாளத்துக்குத் தெரியாதே" என்றார் லான்ஸ்.

டிரக்கை எடுத்துக்கொண்டு அவரே போய், டாரலிடமிருந்து கோலைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி வந்தார். டாரல் அங்கே என்ன நினைத்தான்? மணப்பெண் ஓடிவிட்டாள், ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள் என்று நினைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பாதிரியாரின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். இந்த மேடையில் இருக்கும் இதே பாதிரியார்தான். அவர் சிரிப்பதைப் பாருங்கள். டாரல், நீயும் சிரிக்கலாம்.

நானும் அன்று அவரைக் கிறுக்கன் என்றுதான் திட்டினேன். பிறகு ஒரு பனிமூட்டக் காலை வந்தது. நகரத்திலிருந்து படம் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். மேபலை வளைவு தாண்டிக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் படம் அழகாக விழும், கொஞ்சம் போதும் என்று நச்சரித்தார்கள். கோல் எங்கே என்றார் இவர். ரேலீன் டிராலியில் களை வெட்டப் போயிருக்கிறாள், கோல் அவளிடம் என்று நம் ஆட்கள் சொன்னார்கள். இவர் பிரேக்கைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து ஆப்பிள் கடிக்க ஆரம்பித்தார். படக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆப்பிள் தீரவில்லை, வளைவில் பனிக்குள்ளிருந்து டிராலி வந்தது. அதில் நான், முழங்கால்களுக்கு நடுவே கோல், தொண்டை கிழியப் பாட்டு. எதிரே கறுப்பாக மேபல். நின்றுகொண்டிருந்த எஞ்சின் என்பதால்தான் என்னால் டிராலியை நிறுத்த முடிந்தது. இல்லையென்றால் இன்று இந்த உரையை வேறு யாராவது பேசியிருப்பார்கள், அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து.

அவர் இறங்கி வந்தார், கை நீட்டினார்.

"பாட்டு மகா மட்டம்" என்றார். கோலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கோலை நான் சும்மா பார்த்ததே இல்லை.

இப்போது நேற்றைய கதைக்கு வருவோம். நேற்று கோலைக் காணோம். கொட்டகையைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பிஷப்பின் வயிற்றுக்குள் தவழ்ந்து பார்த்தேன், என் பழைய மூக்குக் கண்ணாடிதான் கிடைத்தது. கோல் இல்லாமல் லான்ஸ் அவர்களையே ஏற்றிக்கொண்டு போவதா? அதைவிட அவரைத் தோளில் சுமந்து நடப்போம் என்று நெவில் கண் கலங்கினான். அப்போது லான்ஸின் மனைவி கோரல் அம்மையார் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"என்னத்தைத் தேடறீங்க? அது அவர்கிட்டதான் இருக்கு."

அவர் கையிலேயே வைத்துப் பெட்டியை மூடும்படி அம்மையார்தான் சொல்லியிருக்கிறார். கோலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இரவில் கொட்டகை அலமாரியில் பூட்ட வேண்டும் என்பதும் லான்ஸின் சட்டம். வாழ்நாள் முழுக்க அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், ஒரு தடவை கூடவே கொண்டு போகட்டுமே என்றார்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏற்றியிருந்த லான்ஸை எஞ்சினுக்கு மாற்றியது இதனால்தான். கோல் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். ஆகவே இன்று ஓட்டுநர் அவர். நெவில் வெறுமனே கைப்பிடியைத் திருப்பும் ஆள். போவதற்கு இது போதும். வருவதற்கு? கோலோடு அவரை மண்ணுக்குள் வைத்தால், நாம் நடந்து வந்துவிடுவோம், மேபல் நடந்து வரமாட்டாள்.

பெட்டியைத் திறந்து எடுத்துவிடலாமே என்று கேட்டோம். கோரல் அம்மையார் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

"திறக்கலாம். யாரு கை நீட்டப்போறீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல. வெறும் காத்துல அவர் குடுக்கமாட்டார்."

அன்பர்களே, அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். பெயர் சொல்லி ஒரு தடப் பொறுப்பாளர் இல்லையென்றால் இந்தத் தடம் இன்றோடு மூடப்படும். கொட்டகை இருக்கும், எஞ்சின்கள் இருக்கும், புகை இருக்காது. அவர் போன நாளிலிருந்து கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். ஒவ்வொரு கூட்டத்திலும் அவரவர் பூட்ஸை அவரவர் பார்த்தோம். நெவிலுக்கு முதுகு வலி. பாதிரியாருக்கு ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பரீட்சை. அந்த வேலைக்கு விதிமுறைப் பரீட்சை உண்டு, எனக்கோ ஆட்டுக்கூட்டம்.

இரவெல்லாம் யோசிக்கவில்லை, நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் துலக்கும்போது தெரிந்துவிட்டது. அந்த விதிகளில் ஒன்றையாவது நான் மறந்திருக்கிறேனா? மறக்க விட்டாரா அந்த மனிதர்? கேள்வியைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் வாயாலேயே பதில் சொல்லலாமாம், விசாரித்துவிட்டேன். படித்துக் காட்ட நெவில் இருக்கிறான். அதற்கு முதுகு தேவையில்லை.

கோரல் அம்மையாரே, என் பெயரைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ரேலீன். பெப்பர்ட்ரீயில் பெட்டி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நான் கை நீட்டுகிறேன். அவர் கையிலிருந்து என் கைக்கு. தரையில் வைக்கமாட்டேன், ஆணியில் மாட்டமாட்டேன், கோல் கையில் இல்லாமல் ஒரு சக்கரத்தையும் உருளவிடமாட்டேன், உருட்டச் சொல்லி மந்திரியே வந்தாலும் சரி, மணப்பெண்ணே அழுதாலும் சரி. பிஷப்புக்கும் ஞாயிறுதோறும் எண்ணெய் உண்டு. பாட்டு மட்டும் மாறாது, அதை லான்ஸ் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொப்பி அசைகிறது. கோரல் அம்மையார் சரி என்கிறார். அழாதீர்கள் அம்மா, நீங்கள் அழுதால் நான் சிரிப்பை மறந்துவிடுவேன்.

நெவில், எஞ்சினில் ஏறிவிட்டாயா? அவர் கேட்பதை இனிமேல் நான் கேட்கிறேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல். கோல் எங்கே?

எஞ்சினிலே இருக்கு, ஓட்டுநர் கையிலே இருக்கு என்கிறான்.

எல்லோரும் ஏறுங்கள்.