கண்டக்டர் ரேஷ்மி நிறுத்திய படப்பிடிப்பு

மலையிறங்கி வந்திருக்கும் அம்பூரி மக்களே! மாநில எல்லையை மறந்து, சாலையைக் கடப்பதுபோல் கடந்து வந்திருக்கும் அக்கரைச் சொந்தங்களே! இரண்டு மொழியில் சண்டையிட்டு இரண்டு மொழியிலும் சமாதானம் ஆகத் தெரிந்த பனச்சமூட்டுப் பெருமக்களே! வாசகசாலையின் தலைவராக இருந்து வாசிக்காதவனையும் வாசிக்க வைத்த, இந்தப் பாராட்டு விழாவின் தலைவர், பெரியவர் செல்லையன் அவர்களே! உச்சி வெயிலை முந்தானையால் மறைத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பைக்கின்மேல் பாதியும் தரைமேல் பாதியுமாய் நிற்கும் தம்பிமார்களே!

எல்லாரையும் சொல்லிவிட்டு இருவரை விட முடியுமா? அதோ, பந்தல் காலோரம் அமர்ந்திருக்கும் மோகனன் அண்ணன் அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் சரோஜம் அம்மா அவர்களே! உங்கள் மகள், இந்த விழாவின் நாயகி, இவன் எப்போது முடிப்பான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சகோதரி ரேஷ்மி அவர்களே! அனைவருக்கும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் பொன்னுதாஸ், ஸ்டீயரிங் பிடித்த கையைக் கூப்பி வணங்குகிறேன்.

என்ன தம்பி? 'சுருக்கிச் சொல்லுங்க'வா? மலைப்பாதையில் ஓட்டுகிறவனிடம் வளைவைச் சுருக்கச் சொல்லலாமா? வளைந்துதான் போவேன். ஆனால் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பேன்.

ரேஷ்மி அவர்களை நீங்கள் எப்படி அறிவீர்கள்? தோளில் பையும் கையில் சீட்டு இயந்திரமுமாய், 'உள்ள ஏறி நில்லுங்க' என்று உங்களை அதட்டும் கண்டக்டராக அறிவீர்கள். முப்பது வயது தாண்டியவர்கள் வேறு விதமாகவும் அறிவீர்கள். ஒரு காலத்தில் மலையாளத்திலும் தமிழிலும் எந்தப் படம் வந்தாலும், நாயகனின் மகளாக ஓடிவந்த அந்தச் சுருட்டை முடிச் சின்னஞ்சிறுமி யார்? நாட்காட்டியில் சிரித்தவர் யார்? கிணற்றங்கரையில் ஒரு பிள்ளை விழுந்து அழ, அரங்கமே சேர்ந்து அழுததே, அந்தப் பிள்ளை யார்? இவர்தான்! பெருங்கடவிளை பெற்ற பிள்ளை, இவர்தான்!

அவர் சினிமாவுக்குப் போன கதை சிரிப்பான கதை. பெருங்கடவிளைச் சந்தையில் படம் பிடிக்க ஒரு குழு வந்தது. வாழைக்குலைகளுக்கு நடுவே நின்ற ஆறு வயதுச் சிறுமியிடம் இயக்குநர் குனிந்து, 'உன் பேர் என்ன?' என்று கேட்டார். பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'எனக்க ஊருக்கு வந்தது நீங்களாக்கும். ஒங்க பேர மொதல்ல சொல்லுங்க' என்றது. அன்றைக்கே அந்தப் படத்தில் அதற்கு ஒரு வேடம் கிடைத்தது.

பேச்சுக்காக எடுத்த பிள்ளையை ஏன் அழுகைக்காகப் புகழ்ந்தார்கள்? இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. இன்று காலையில் சரோஜம் அம்மாவிடம் கேட்டேன். 'சொல்லு மக்கா. மறச்சு வச்சது போதும்' என்றார். ஆகவே, அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

கிணற்றங்கரைக் காட்சி. கதையில் அந்தச் சிறுமியின் தகப்பன் இறந்துபோகிறான். பிள்ளை அழ வேண்டும். ஆனால் நம் ரேஷ்மிக்கு அன்று ஆனந்தம் பொங்கிய நாள். புதுச் செருப்பு போட்ட நாள். அழு என்றால் சிரிக்கிறது. அதட்டினால் இன்னும் சிரிக்கிறது. வெயில் சாய்கிறது, வேலை நிற்கிறது. இயக்குநர் சரோஜம் அம்மாவைத் தனியே அழைத்தார். 'ஒரே ஒரு பொய்தான் அம்மா. அதையும் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளை உங்களைப் பார்க்கும். நீங்கள் தலையைக் குனிந்தால் போதும்' என்றார்.

ஒருவன் ஓடி வந்தான். மோகனன் லாரி ஓட்டுகிறவர் அல்லவா? 'லாரி மறிஞ்சு ஒனக்க அப்பா போயிட்டாரு' என்றான். பிள்ளை தாயைப் பார்த்தது. 'உள்ளதா அம்மா? நெசமா?' என்று கேட்டது. தாய் தலையைக் குனிந்தார்.

காமிரா ஓடிக்கொண்டிருந்தது.

அன்பர்களே! அந்த அழுகைக்குக் கைதட்டல் கிடைத்தது. மாலை கிடைத்தது. பரிசு கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது. பிள்ளைக்கு என்ன கிடைத்தது? சாயங்காலம் மோகனன் அண்ணன் எப்போதும்போல் வந்து இறங்கினார். பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. தூரத்தில் நின்று பார்த்தது. பிறகு மெல்ல வந்து அவர் மீசையைத் தொட்டுப் பார்த்தது. அண்ணனுக்கோ ஒன்றும் தெரியாது. 'என்னட்டீ, அப்பன் மொகத்துல சாந்து உண்டா?' என்று சிரித்தார். விஷயம் தெரிந்த பிறகு அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் படங்கள் வந்தன. ஆனால் விளக்கு எரிந்தால் பிள்ளை நடுங்கியது. யாராவது ஓடி வந்தால் காதைப் பொத்திக்கொண்டது. பதினொரு வயதில், 'வளர்ந்துவிட்டாள்' என்று சொல்லி அழைப்பதை நிறுத்தினார்கள். வளர்ந்ததா காரணம்? வாடியதல்லவா காரணம்! நெய்யாற்றின்கரைப் பள்ளியில் சேர்ந்தால், 'ஒண்ணு அழுது காட்டு' என்று கேட்டார்கள். கல்லூரியிலும் கேட்டார்கள். பி.எஸ்.சி. என்னும் அரசுப் பணித் தேர்வு எழுதி, பாஸாகி, பேருந்தில் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு பயணி கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அழுகை இல்ல சார், பாறசாலைக்கு சீட்டு உண்டு' என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் வீட்டில் நடந்ததை ஊர் அறியாது. மகள் தாயைத் தாங்கினார், மருந்து வாங்கிக் கொடுத்தார், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் தாய் 'மழை பெய்யுது' என்று சொன்னால், சன்னல் வழியே கையை நீட்டிப் பார்ப்பாராம். சரோஜம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அடித்தால் ஆறிவிடும், இது எப்படி ஆறும்?

இனி அம்பூரிக்கு ஏறுவோம். போன மழைக்காலத்துக்கு முன், நம் வண்டி மலையேறிக்கொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்து வளைவில் கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். படப்பிடிப்பு! 'ஒரே ஒரு ஷாட், சேட்டா' என்றான் கயிற்றைப் பிடித்தவன். வண்டிக்குள் முணுமுணுப்பு. ஒரு அம்மா, 'பால் திரிஞ்சு போகும்' என்றார். ரேஷ்மி, 'வண்டிய ஆஃப் பண்ணுங்க அண்ணா, கேட்டுட்டு வாறேன்' என்று இறங்கினார். போனவர் திரும்பவில்லை. நானும் இறங்கிப் போனேன்.

அங்கே ஒரு வீட்டு முற்றம். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, நடிக்க வந்த ஏழு வயது நந்தனா இருக்கிறாள். சற்றுத் தள்ளி, எங்கள் பக்கமாய், அவளுடைய அத்தை. உதவி இயக்குநர் ஒருவர் அத்தையிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். 'தோட்டத்துல பாம்பு கடிச்சு பிள்ளைக்க அப்பா போயிட்டாருண்ணு நாங்க சொல்லுவோம். பிள்ள ஒங்களப் பாக்கும். நீங்க ஒண்ணும் சொல்லண்டாம். தல குனிஞ்சா மதி, அது போதும்.'

கேட்டீர்களா? அதே பொய்! ஆண்டுகள் ஓடின, காமிரா மாறியது, கருவி மாறியது. அந்தக் கள்ளம் மட்டும் மாறவில்லை!

ரேஷ்மியின் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. காமிராவைக் கடந்து, விளக்கைக் கடந்து, நேராகப் போய் அந்தக் குழந்தையின் முன் தரையில் அமர்ந்தார். 'பிரேமுக்குள்ள ஆரு அது, கண்டக்டர்?' என்று ஒரு கூச்சல். அவர் திரும்பவே இல்லை.

'மக்கா, ஒனக்க அப்பா எங்க?'

'தோட்டத்துல.'

'ஒரு போன் போட்டுப் பேசு. அத்தைக்க போன்ல ஸ்பீக்கர்ல போடு.'

குழந்தை பேசியது. 'அப்பா, இஞ்ச கண்டக்டர் ஆன்ட்டி வந்திருக்காவ. நீங்க என்ன செய்யுதிய?'

'சாயா குடிக்குதேன் மக்கா' என்றது அந்தக் குரல். உயிருள்ள குரல்! அப்போதுதான் ரேஷ்மி எழுந்தார்.

இயக்குநர் வினீத், இளைஞர், கோபமாக வந்தார். 'வெளிச்சம் போகிறது. பிள்ளைக்கு அழ வரவில்லை. வேறு என்ன வழி?' என்றார்.

'பிள்ளைட்ட கதைய சொன்னீங்களா?'

'ஏழு வயசுப் பிள்ளைக்குக் கதை எதற்கு?'

ரேஷ்மி சொன்னார்: 'அந்தக் கிணத்தங்கரைப் பிள்ள நானாக்கும்.'

வினீத்தின் முகம் மாறியது. 'அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் நான் சினிமாவுக்கே வந்தேன். அப்படி ஒரு நடிப்பு…' என்றார்.

'அது நடிப்பில்ல சார். எனக்க அப்பா செத்துட்டாருண்ணு நெனச்சுக் கெடந்து கரைஞ்சு அழுதேன். நீங்க கைதட்டினது அதுக்காக்கும்.'

நல்ல மனிதர் அந்த வினீத். நல்ல மனிதர் என்று எப்போது தெரியும்? தவறே செய்யாதபோதா? இல்லை, தவறு தெரிந்தவுடன் தரையில் உட்காரும்போது தெரியும். உட்கார்ந்தார். நந்தனாவிடம் கதையைச் சொன்னார். இது விளையாட்டு, இதில் வரும் அப்பா நடிக்கிறவர், அவர் அதோ பின்னால் நின்று சாயா குடிக்கிறார் என்று காட்டியும் கொடுத்தார். குழந்தை கன்னத்தில் கை வைத்துக் கேட்டது. பிறகு ஒரே ஒரு கேள்வி:

'அப்ப கொறச்சு அழணுமா, நெறய அழணுமா?'

கைதட்டுங்கள், இப்போது தட்டலாம்! தோட்டமே சிரித்தது. பிறகு அந்தப் பிள்ளை அழுதது பாருங்கள், பேருந்திலிருந்து இறங்கி வந்து நின்ற அத்தனை பேரும் துண்டையும் முந்தானையையும் தேடினார்கள். 'கட்' என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எனக்கும் சாயா உண்டா?' என்றது. அழச் சொல்லலாம் ஐயா! அழ வைக்கக் கூடாது! அந்த இடத்தில் நாங்கள் விட்ட பெருமூச்சில் ரப்பர் இலைகளே அசைந்திருக்கும். பால் திரிந்துபோனது உண்மைதான். ஆனால் அந்த அம்மாவே, 'போனாப் போட்டும், பிள்ள தப்பிச்சுதே' என்றார்.

செய்தி நம்மை முந்திக்கொண்டு மலையிறங்கியது. சில நாள் கழித்து, காலை வண்டியில், பெருங்கடவிளையில் சரோஜம் அம்மா ஏறினார். வண்டியில் ஆளே இல்லை. ஓட்டுநர் காது கேட்கக் கூடாது, ஆனால் கேட்டது.

'எங்க போணும் அம்மா?'

'எங்கயும் இல்ல. ஒன்ட்ட பேச வந்தேன். வீட்டுல வாய் வரேல்ல.' முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: 'நீ கேட்ட ஒடனே, கள்ளமாக்கும் மக்காண்ணு நான் சொல்லியிருக்கணும். படம் நின்னு போகும்ணு பேடிச்சேன், பயந்துட்டேன். தல குனிஞ்சுட்டேன். அதுக்கப்புறம் ஒனக்க மொகத்த நேருக்கு நேர் பாக்க முடியேல்ல.'

நான் இரண்டாவது கியரில் போனேன். வேகமாகப் போக மனமில்லை.

'கோவமில்லண்ணு சொன்னா அதும் கள்ளமாயிரும் அம்மா. இருந்துது. நெறய நாளு இருந்துது. நீங்க வாய் தொறந்து சொல்ல மாட்டீங்களாண்ணுதான் காத்துக் கெடந்தேன். இப்ப சொல்லியாச்சுல்லா…' என்று குரல் உடைந்தது. 'இரிங்க. வளவு வருது. எனக்க கையப் பிடிச்சுக்கிடுங்க.'

கண்ணாடியில் பார்த்தேன். இருவரும் அழுதார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத அழுகை. எந்தக் காமிராவும் பார்க்காத அழுகை. பல ஆண்டுப் பாரத்தை இறக்கி வைத்த அழுகை. அம்பூரி வந்து சேரும்போது இருவரும் ஒரு பொட்டலம் ஏத்தவாழைக்காய் வறுவலைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கேளுங்கள், இல்லை என்பாரா?

அந்தப் படம் வந்துவிட்டது. நீங்கள் பார்த்தும்விட்டீர்கள். எழுத்து ஓடும்போது, 'குழந்தைக்குத் துணை: ரேஷ்மி' என்று வந்ததே, விசிலடித்தவர் யார்? மோகனன் அண்ணன்! அதற்குப் பின் வினீத்தும், அவர் சொல்லி வேறு சிலரும், பிள்ளைகள் நடிக்கும் நாளில் இவரை அழைக்கிறார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்கிறார். ஒருகாலத்தில் விளக்கைக் கண்டால் நடுங்கியவர், இன்று விளக்கின் கீழ் நிற்கும் பிள்ளைக்கு நிழலாக நிற்கிறார்!

பெற்றோர்களே! நம் வீட்டில் காமிரா இல்லையா? எல்லார் கையிலும் உண்டு. 'ஒனக்க கோழி செத்துப்போச்சு' என்று பிள்ளையிடம் சொல்லி, அது உதடு பிதுக்குவதைப் படமெடுத்து, ஊருக்கெல்லாம் அனுப்பிச் சிரிக்கிறோமே, அது என்ன? அங்கே தலையைச் சொறியும் தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன்! கலை பெரிதா, குழந்தை பெரிதா? கைதட்டல் பெரிதா, கள்ளமற்ற கண் பெரிதா? பிள்ளை நம் முகத்தைப் பார்த்து உண்மையா என்று கேட்கும்போது, உலகமே நின்றாலும் உண்மையைச் சொல்லுங்கள்! படம் நின்றால் நாளை எடுக்கலாம். நம்பிக்கை நின்றால் எந்த நாளில் எடுப்பீர்கள்?

நேரம் தந்த தலைவர் அவர்களுக்கு நன்றி. வாழ்க்கையைத் திறந்து காட்டிய சரோஜம் அம்மாவுக்கும் மோகனன் அண்ணனுக்கும் நன்றி. வெயிலைப் பொறுத்து, அதைவிட என்னைப் பொறுத்த உங்களுக்கு நன்றி. இன்று ரேஷ்மி அவர்களுக்கு விடுப்பு, எனக்கு இல்லை. அம்பூரி வண்டி சந்தியில் நிற்கிறது. இன்னும் நாலு வார்த்தை… இல்லை, இல்லை. பாருங்கள், விழா நாயகி மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். ஒரு மணி என்றால் நிற்க வேண்டும். இரட்டை மணி என்றால் எடுக்க வேண்டும். கண்டக்டர் சொன்ன பிறகு நிறுத்தி வைக்க எந்த ஓட்டுநருக்கும் உரிமை இல்லை. வணக்கம். வாறேன்!