கழுத்து வரை மணல்

ஓவியக் காட்சிக்கூடத்தில் படைப்பைக் கையால் தொடக் கூடாது. இந்த விதியை நான் போடவில்லை ஐயா, உலகம் முழுக்க அப்படித்தான். எங்கள் மாமல்லபுரத்தில்தான் கல் யானை மேல் பிள்ளையை ஏற்றிவைத்துப் படம் எடுக்கிறார்கள்.

நான் அங்கே ஓர் ஓவியக்கூடம் நடத்துகிறேன். கடற்கரைக் கோயிலைத்தான் வருடக்கணக்காக வரைகிறேன். என் பாணி இம்ப்ரெஷனிசம். பொருளை விட்டுவிட்டு, அதன் மேல் விழும் வெளிச்சத்தைத் தீட்டுவது. வருகிறவர்கள் கோயில் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று கேட்பார்கள். பழகிவிட்டது.

ஜெரோம் என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்தவன். தூரிகையை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டான். நிகழ்த்துகலையாம், உடம்பே ஓவியமாம். ஒருமுறை செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் வாயில் எலுமிச்சம்பழத்தோடு பகல் முழுக்க நின்றான். பத்திரிகைக்காரர்கள் ஓடி வந்தார்கள். என் வெளிச்சத்தைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை.

போன மாதம் என் கண்காட்சிக்கு வந்தவன், கூட்டத்துக்கு நடுவில் என் தோளில் கை போட்டான்.

"மச்சான், சூப்பரா கீது. ஜவுளிக்கடை காலண்டருக்குக் குடு, நல்லா போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான்.

அவனுக்கு நானே ஒரு யோசனையும் கொடுத்தேன். சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் கழுத்து வரை மணலில் புதைந்து நில், தண்ணீர் தாடையைத் தொட்டதும் தோண்டி எடுத்துவிடுகிறேன் என்றேன். சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டான். கைகளையும் மணலுக்குள் வைக்கச் சொன்னேன். மினிமலிசத்தில் வேண்டாதது எதுவும் வெளியே தெரியக் கூடாது.

சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்தேன். சென்னையிலிருந்து வந்த ரசிகர்கள் கயிற்றுக்கு வெளியே மரியாதையாக நின்றார்கள். தண்ணீர் தாடைக்கு வந்ததும், "போதும் மச்சான், எடு" என்றான் ஜெரோம். பிறகு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். உள்ளே இருக்கும் வலியை அப்படியே வெளியே கொட்டுவதுதான் எக்ஸ்பிரஷனிசம் என்று ரசிகர்களுக்கு விளக்கினேன். தலையாட்டினார்கள். ஓர் அம்மாள் கண் கலங்கினார்.

மீன் விற்கும் கன்னியம்மா மட்டும் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாய்யா வேடிக்கை பாத்துகினு கீறீங்க? ஆளு சாவுறான்யா."

கயிற்றைத் தாண்டப் போனவளை ரசிகர்களே பிடித்து நிறுத்தினார்கள். நான் அவள் மேல் கை வைக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் திமிறிக்கொண்டு போய் மணலைப் பறிப்பதற்குள் அலை மூடிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மற்ற நாளில் அங்கே அவ்வளவு தண்ணீர் ஏறாது. அமாவாசையன்று ஏறும், அதனால் அந்த நாளையே குறித்தேன். எதுவரை ஏறும் என்று கன்னியம்மாவிடம்தான் முன்கூட்டியே கேட்டு வைத்தேன். பாவம், காலால் கோடு கிழித்துக் காட்டினாள். அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கமாகப் பார்த்துக் குழி வெட்டினேன். மண்வெட்டியைத் திரும்ப வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். கலைக்காகக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக என்று மட்டும் எழுத வேண்டாம், அவ்வளவு அற்பன் இல்லை நான்.

அதற்கு முன்னால் ஓர் உதவி ஐயா. உங்கள் தலைக்கு மேல் தொங்கும் அந்தக் காலண்டரைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள்.