விநாடிக்கு இரண்டு சுற்று

எனக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார வராது. மேசையைத் தட்டிக்கொண்டே பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொரு வருஷம் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிய கை.

ஊமைப்படத்துக்கு எல்லாமே அந்தக் கைப்பிடிதான். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் திரையில் ஆள் ஒழுங்காக நடப்பான். கையைக் கொஞ்சம் தளர்த்தி மெதுவாகச் சுற்றினால், அதே ஆள் திரையில் எறும்பு கடித்தவன் மாதிரி துள்ளுவான்.

என் மனைவியை நடிக்கக் கூட்டிவந்ததே நான்தான். முதல் படத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து சும்மா நின்றாள், கொட்டகையே அழுதது. இரண்டாவது படத்துக்குப் பிறகு தெருவில் எனக்கு ‘அவளோட வீட்டுக்காரர்’ என்று பெயர். வயிறு எரிந்தது. நடித்தது போதும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமை என்பார்கள்.

அதனால் மூன்றாவது படத்தில், அவள் தனியாக வரும் காட்சிகளில் மட்டும் மெதுவாகச் சுற்றினேன். வெளிச்சம் கூடிப்போய்க் காட்டிக்கொடுக்காதபடி லென்ஸின் துவாரத்தையும் குறுக்கினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளாக அவள் மார்பில் அடித்துக்கொண்டபோது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான் அவ்வளவு அவசரப்படறேனாங்க?" என்று கேட்டாள்.

"உன் உடம்புலயே நிதானம் இல்லம்மா," என்றேன்.

நம்பினாள். வீட்டில் மாடிப்படியைக்கூட எண்ணி எண்ணி இறங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீர் என் கைக்கு வந்து சேர யுகமாகும். அடுத்து வந்த படங்களில் அவள் நிதானமாக ஆக ஆக, நான் கையை இன்னும் தளர்த்தினேன். டைரக்டர் அவளைக் கழற்றிவிடுவார் என்று பார்த்தால், அந்த மனுஷன் கடைசியாக ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஓடிவரும் காருக்கு முன்னால் அவள் தெருவைக் கடக்க வேண்டும். அது தேறினால் அடுத்த படத்திலும் அவள்தான்.

"வேகமாப் போனேன்னா இடது கையைத் தாழ்த்திக் காட்டுங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்," என்றாள்.

சரியான வேகத்தில்தான் நடந்தாள். பாதித் தெருவில் என்னைப் பார்த்தாள். கார் தெருமுனை திரும்பி அவளை நோக்கி வந்துவிட்டது. வலது கை சுற்றிக்கொண்டிருந்தது. இடது கையைத் தாழ்த்தினேன். அவள் நடையைத் தளர்த்தினாள். டைரக்டர் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கும். ஆனால் அவள் நம்பியது என் கையை.

அந்த ஒரு காட்சியை மட்டும் பிசகாமல் சுற்றியிருக்கிறேன். போட்டுப் பாருங்கள், எவ்வளவு அழகாக அடியெடுத்து வைக்கிறாள்.

சாகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கால் முறிந்தால் வீட்டோடு இருப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து என் கையாலேயே ஊட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பிரியம் எனக்கு அவள் மேல்.