றஊப் நானா வித்த சப்வூபர்

...வெள்ளிக்கிழமை வாங்கின கார், ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லை! ரெண்டே ரெண்டு நாள் தம்பி! செட் பாடுது, கதவு ஸ்பீக்கர் பாடுது, டிக்கிக்குள்ள இருக்கிற இந்தச் சப்வூபர்ப் பெட்டி மட்டும் மூச்சு விடுறதில்லை. பக்கத்தில இருக்கிற, அதுக்குச் சத்தம் கூட்டிக் குடுக்கிற அம்ப்பில ஒரு சிவப்பு லைற் பத்தோணுமாம், அதுவும் இல்லை. பாருங்கோ, நீங்கள் உங்கட வயரிங் வேலையைப் பாருங்கோ. நான் இந்தக் கதிரையில இருக்கிறன். வாய் மட்டும் சும்மா இராது, குறை நினைக்காதேங்கோ.

ஆர் வித்தது எண்டு கேளுங்கோவன். கேக்கமாட்டியள், சரி, நானே சொல்லுறன். கிண்ணியா றஊப் நானா! அவற்ற மனிசி நஜ்முன் நிஸாவும் நானும் ஒரே கந்தோரில வேலை, ஒரே மேசை, பதினொரு வருசம். அவளை நம்பித்தானே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினனான். வேற ஆரும் எண்டால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் உருட்டிப் பிரட்டிப் பாத்திருப்பன்.

முதல் இந்தப் பெட்டியே வேண்டாமெண்டுதான் நிண்டனான். "இதென்ன நானா, டிக்கிக்குள்ள ஒரு மூடை அரிசி வைக்கவும் இடமில்லை, கழட்டுங்கோ" எண்டன். மனிசன் சிரிச்சிட்டு, "ஒருக்காக் கேட்டுப் பாருங்க தங்கச்சி, பிறகு கழட்டுவம்" எண்டு தவில் கச்சேரி ஒண்டைப் போட்டுவிட்டார். ஐயோ தம்பி! கிண்ணியாப் பாலம் தாண்டுமட்டும் அந்தத் தவில் என்ர நெஞ்சுக்குள்ள நிண்டு அடிச்சுது! ஐம்பத்திரண்டு வயசில இப்பிடியொரு விசர் பிடிக்குமெண்டு ஆர் கண்டது? அன்புவழிபுரத்தில எங்கட ஒழுங்கைக்குள்ள கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டுத்தான் வந்தனான், பக்கத்து வீட்டுப் பூரணியக்கா கேக்கட்டுமெண்டு. அவ கேட்டவ. கேட்டிட்டுப் படலையைச் சாத்தினவ.

என்ன, பியூஸ் நல்லமோ? அப்பச் சப்வூபர்தான் எரிஞ்சுபோச்சுது, எனக்குத் தெரியும்... இதென்ன, மணிக்கூட்டுப் பற்றறியைக் கொண்டுபோய் அதில வைக்கிறியள்?... ஆ! டொப் எண்டுது! அப்ப அதுக்கு உயிர் இருக்கு. சரி, அப்ப அம்ப்தான். பழுதான அம்ப்பை என்ர தலையில கட்டிப்போட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் வந்தவர், தெரியுமோ? நான் ஃபோன் எடுத்து ஏசினவுடன ஓடி வந்தவர். முன் சீற்றில இருந்து செட்டுக்குக் கீழ குனிஞ்சு பாத்தார். பாத்தார், பாத்தார்... பிறகு எழும்பிக் கையைத் துடைச்சுக்கொண்டு, "வயரிங் தெரிஞ்ச ஒராளுட்டக் காட்டுங்க தங்கச்சி" எண்டார். என்ர முகத்தைப் பாத்துக் கதைக்கேல்லை! தேத்தண்ணி குடிக்காமல் போனார். மடியில கனமில்லாட்டி மனிசன் ஏன் அப்பிடி ஓடுவான், சொல்லுங்கோ?

எனக்குக் கோவம் வந்திட்டுது. செவ்வாய்க்கிழமை கந்தோரில, எல்லாரும் இருக்கேக்க, "நிஸா, உன்ர மனிசன் கள்ளன்!" எண்டிட்டன். ஓம், அந்தச் சொல்லைத்தான் சொன்னனான். அவள் தன்ர கதிரையைத் தூக்கிக்கொண்டு யன்னல் பக்கம் போயிட்டாள். இண்டைக்கு மூண்டாம் நாள், ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எனக்கு இரவில நித்திரை இல்லைத் தம்பி. அவள் இல்லாட்டி அந்தக் கந்தோரில எனக்கு ஆர் இருக்கினம்? ஆனா நான் சொன்னது நியாயமெண்டால் அவள்தானே இறங்கி வரவேணும்? அதுக்குத்தான் அரைநாள் லீவு போட்டிட்டு வந்தனான். "பழுதான சாமான் வித்திருக்கு" எண்டு நீங்கள் ஒரு துண்டில எழுதித் தாங்கோ. கொண்டுபோய் அவளின்ர மேசையில வைக்கிறன்.

என்ன முன்னுக்குப் போறியள்? அம்ப் பின்னுக்கெல்லோ? ஓ, பிள்ளையார் லைற்றைப் பாக்கிறியளோ! வடிவாயிருக்குதல்லோ? வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு, தேங்காய் உடைச்சு, ஐயர் சந்தனம் பூசி... பிறகு செட்டுக்கு மேல ஒட்டின பிள்ளையாரை இருட்டுக்குள்ள வைக்க ஏலுமோ? சனிக்கிழமை நானேதான் லைற் பூட்டினனான். எங்கட வீட்டில பியூஸ் போனாலும் நான்தான் போடுறது. செட்டுக்குப் பின்னால கையை விட்டன், ஒரு கத்தை வயர். அதில ஒண்டு மட்டும் நீலம், மெல்லிசு, தனியப் பின்பக்கம் போகுது. இது மேலதிகமா விட்ட வயர்போல எண்டு வெட்டி, செட் பக்கத்துத் துண்டில லைற்றை முறுக்கிவிட்டன். இப்ப செட்டைப் போட்டால் பிள்ளையாரும் பத்துவார். எப்பிடி என்ர மூளை?

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறியள்?

...என்ன? அந்த நீல வயர்தான் அம்ப்பை எழுப்புறதோ?... அதால கறன்ற் போகாட்டி அம்ப் நித்திரையோ?... நில்லுங்கோ, பொறுங்கோ, இப்ப அதைப் பூட்டாதேங்கோ... ஐயோ! தவில்! நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!

...தம்பி, ஒரு உதவி. "அம்ப்பில சின்னப் பிழை, திருத்தியாச்சு" எண்டு எழுதித் தருவியளோ? சின்னப் பிழை எண்டுதான். றஊப் நானாவிலயும் பிழையில்லை, என்னிலயும் பிழையில்லை... எங்க போறியள்? கை கழுவவோ? சரி, கழுவுங்கோ. எழுதித் தரமாட்டியள், எனக்கு விளங்குது.

ஹலோ... நிஸா? வைக்காத, வைக்காத! கார் நல்லம். நான்தான் வயரை வெட்டினது... ஓம், சாமி லைற்றுக்கு... என்ன, தெரியுமோ? நானா திங்கட்கிழமையே கண்டவரோ?... பிறகேன் மனிசன் வாய் திறக்கேல்லை?... ஆ... ஓ...

தம்பி, கேட்டியளே. சாமிக்குப் பூட்டின லைற்றைக் கழட்டுங்க எண்டு தன்ர வாயால சொல்ல அவருக்கு மனம் வரேல்லையாம். நான் பிழையா எடுத்துப்போடுவன் எண்டு பயமாம். அவளையும் சொல்லவேண்டாமெண்டு மறிச்சவராம். நான் கள்ளன் எண்டு கத்த, அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்குதுகள் ரெண்டும். எனக்கு வெக்கமாக் கிடக்குத் தம்பி.

நிஸா... இருக்கிறியோ? அங்க ஆர் ஆர் நிக்கினம்? செவ்வாய்க்கிழமை நிண்ட ஆக்கள் முழுப்பேரும் இருக்கினமோ? நல்லம். ஃபோனை ஸ்பீக்கரில போடு... போடு எண்டுறன், சத்தத்தைக் கூட்டிப் போடு... போட்டிட்டியோ? எல்லாருக்கும் கேக்குதோ? நான் சுலோஜனா கதைக்கிறன்.