பச்சை விளக்கை நம்பாத லுவான் அக்காவுக்கு

அலைகடல் நடுவே ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் தீவு மருத்துவமனைகளை, காவ்ஷியோங் நகரத்தின் அறை ஒன்றில் அமர்ந்தபடியே அயராது காத்த அன்புப் பெருந்தகையே! கணினித் திரையின் கண்சிமிட்டல் ஒவ்வொன்றையும் கைக்குழந்தையின் முனகலாய்க் கேட்ட கண்காணிப்புக் கலையரசியே! சோற்றுப் பெட்டியைத் திறந்த கையோடு மூடிவைத்து ஓடிவந்த சோர்வறியாச் செல்வமே! மதிப்பிற்குரிய யென் சியூலுவான் அம்மையீர், தங்கள் பணிநிறைவு நாளில் தரவு மையப் பணியாளர்கள் யாவரும் தலைவணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் ‘தாங்கள்’ என்றுதான் எழுத வேண்டுமாம். இத்தனை காலம் ‘லுவான் அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அதற்கு மேல் ஒத்துழைக்க மறுக்கிறது. ஆகவே இனி நீங்கள் நீங்களாகவே இருங்கள். பணியாற்றிய ஆண்டுகளை எண்ணிச் சொல்வதும் வழக்கம்தான். எண்ணத் தொடங்கினால் எங்களுக்குக் கணக்குத் தப்பும், உங்களுக்குக் கோபம் வரும் என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

உங்கள் கண்டிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? ஒவ்வொரு தீவிலும் நோயாளிக் குறிப்புகளைத் தாங்கி நிற்கும் சர்வர் ஒன்று உண்டு. அத்தனைக்கும் எங்கள் சுவரில் ஆளுக்கொரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் நலம், சிவப்பு எரிந்தால் ஓட்டம். சர்வர் அடம்பிடிக்காமல் இருக்க அதன் தலையில் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைக்கும் நம் ஊர் வழக்கத்தில்கூட நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. பொட்டலத்தின் தேதி முடிந்திருந்தால், வைத்தவருக்கு அன்று மதியச் சோறு இறங்காது. எச்சரிக்கை மணியைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டவர்களை நீங்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே விவரிக்காமல் இருப்பதே மரியாதை. உண்மையைச் சொன்னால், உங்களை நாங்கள் கொஞ்சம் திட்டியும் இருக்கிறோம். சீமெய் தீவின் புயல் நாளுக்குப் பிறகுதான் அந்தத் திட்டு நின்றது.

அன்று மதியம் புயல் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. சுவரில் எல்லா விளக்குகளும் பச்சை. மேலாளர் ஜியான் நிம்மதியாகப் பன்றி வறுவலைக் கடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் மட்டும் சீமெய் விளக்கின் அடியில் பதில் வரும் நேரத்தைக் காட்டி ஓடும் சின்ன எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

“மேனேஜர், சீமெய் எப்பவும் இவ்வளவு வேகமா பதில் சொல்றதில்லையே.”

“அக்கா, வேகமா வந்தா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க.”

“நான் எத்தனை வருஷமா அந்தத் தீவைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். காத்தடிச்சா இன்னும் இழுத்து இழுத்துத்தான் வரும். இன்னைக்கு என்னவோ பக்கத்து ரூம்ல இருந்து வர்ற மாதிரி வருது.”

“பக்கத்து ரூம்ல அதோட நகல்தானே இருக்கு,” என்று எங்களில் ஒருவரான தெங் சிரித்தார். சிரித்தவர் பாதியிலேயே நிறுத்தினார்.

கடல் தாண்டிய தொடர்பு அறுந்தால் இங்குள்ள நகல் சர்வர் எழுந்து சீமெயின் பெயரிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது நாங்களே செய்து வைத்த ஏற்பாடு. அப்படி ஆள் மாறியதை விளக்கு காட்ட வேண்டும் என்பதுதான் எவருக்கும் தோன்றாமல் போயிற்று. தொடர்பு எப்போது அறுந்ததோ தெரியாது. தீவில் காலையிலிருந்து எழுதியது தீவிலேயே கிடந்தது. இங்கே பழைய குறிப்புகள் புதியவை போலப் பச்சை வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தன.

“அங்க நடக்கறது எதுவும் நமக்குத் தெரியல. தெரியலைங்கறதும் யாருக்கும் தெரியாது,” என்றீர்கள். அடுத்த நொடியே நகலை மூடுவதற்கு விசைப்பலகையை இழுத்தீர்கள்.

மேலாளர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டோம், எங்களில் யாராக இருந்தாலும் பிடித்திருப்போம். புயலுக்கு முந்திய கடைசி ஹெலிகாப்டர் சீமெயிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றிவந்து, சற்று முன்புதான் இங்குள்ள மருத்துவமனையில் இறக்கியிருந்தது.

“அக்கா, நகலை மூடினா அவசரப் பிரிவுல அந்த ஆளப் பத்தி ஒரு வரி தெரியாது. டாக்டருக்குக் கண்ணக் கட்டிவிட்ட மாதிரி ஆயிடும். உங்க சந்தேகம் தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா என்னை வீட்டுக்கு அனுப்புங்க. இப்ப கையை விடுங்க.”

அவர் விட்டார். பச்சையாக எரிந்த விளக்கை உங்கள் கையாலேயே சிவப்பாக்கினீர்கள். இந்த அறையின் வரலாற்றில் நல்ல விளக்கை அணைத்த முதல் ஆள் நீங்கள்தான். தெங் ஓடிப்போய் சர்வர் மேல் இருந்த பொட்டலத்தின் தேதியைப் பார்த்துவிட்டு வந்தார், வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

தொலைபேசி அலறியது. அவசரப் பிரிவு மருத்துவர் ஓயாங்.

“யாருங்க என் திரைய அணைச்சது? ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

“நான்தான் டாக்டர். அதுல இருந்தது பழசு. ஊசியக் கீழ வைங்க, தீவுல கேட்டுச் சொல்றேன்.”

“இந்த ஆளு நெருப்பா கொதிக்கிறான், நினைவே இல்ல. எவ்வளவு நேரம் காத்திருக்கறது?”

“தெரியாது. ஆனா காத்திருங்க.”

இணைப்பைத் துண்டிக்காமல் அந்தத் தொலைபேசியை மேலாளர் கையில் திணித்தீர்கள். மருத்துவர் திட்டியதையெல்லாம் அவர் நின்ற இடத்திலேயே நின்று வாங்கிக்கொண்டார். நீங்கள் தீவின் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு அடித்தீர்கள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தீர்கள், எடுக்கவில்லை. மருத்துவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து ஊசியை எடுத்துவிடுவாரோ என்று நாங்கள் மேலாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் நெற்றியில் வேர்வை வழிந்தது. இடது கையால் மேசையை இறுகப் பிடித்திருந்தீர்கள். அதை அப்போது நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

ஒருவழியாக எடுத்தது செவிலியர் ஹுங் பாவ்சூ.

“அக்கா, இங்க ஜன்னலே பறந்துபோச்சு. அப்புறம் பேசவா?”

“ஒரே கேள்வி. ஹெலிகாப்டர்ல அனுப்புனீங்களே, அவருக்கு ஆகாத மருந்து ஏதாவது உண்டா?”

“பெனிசிலின். கால்ல மீன் முள்ளு குத்திச் சீழ் வச்சிருந்துச்சுன்னு காலைல அதத்தான் போட்டோம். உதடு வீங்கி மூச்சே நின்னுபோச்சு, இழுத்துப் பிடிச்சுக் கொண்டுவந்தோம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சிவப்புல போட்டிருக்கேனே. அங்க வரலையா?”

எல்லாம் திரையில் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் தீவுக்காரர்கள் நோயாளியோடு ஒரு சீட்டுகூடக் கொடுத்து அனுப்பவில்லை. துணைக்கு வர மனைவிக்கும் ஹெலிகாப்டரில் இடமில்லை. நீங்கள் மேலாளரிடமிருந்து தொலைபேசியை வாங்கி, “பெனிசிலின் கூடாது டாக்டர்,” என்று மட்டும் சொன்னீர்கள். மறுமுனையில் ஊசி தட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, “வேற மருந்து எடுங்க,” என்று யாருக்கோ சொன்னார்.

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் வெளுத்திருந்தது. பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டோம். கேட்டு முடிக்கும் முன்பே, “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்,” என்றீர்கள். நாங்களும் நம்பித் தொலைத்தோம். மறுவாரம் விடுப்பு எடுத்தீர்கள். இங்கே மணி அடித்து உங்களைக் கூப்பிட்டபோதெல்லாம் வழக்கம்போல் உடனே எடுத்துப் பேசினீர்கள். சந்தையில் மீன் வாங்குகிறேன் என்றுகூடச் சொன்னீர்கள். இதய அறுவை முடிந்து படுக்கையில் கிடந்துகொண்டு பேசியிருக்கிறீர்கள் என்பது, அதே மருத்துவமனையின் ஓயாங் வந்து எங்களைத் திட்டிய பிறகுதான் தெரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்குக் கோபம் வருகிறது, அக்கா.

அந்தப் புயலுக்குப் பின் நம் சுவரில், நகல் பதில் சொன்னால் எரியும் மஞ்சள் விளக்கு வந்தது. பதில் வந்ததா என்பதோடு, யாரிடமிருந்து வந்தது என்றும் கேட்கக் கற்றுக்கொண்டோம். அன்று பிழைத்த சீமெய் மீனவர் தியென்ஃபூ ஆண்டுதோறும் கருவாடு அனுப்பி அறை முழுவதையும் மணக்க வைக்கிறார். இன்று மனைவியோடு கப்பலேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சேவைக்குச் சான்று கேட்பவர்கள் அவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் கடைசியாகப் போகும் அழைப்பு உங்களுக்குத்தான் என்பது இதுவரை நடைமுறை. இன்று காலை அந்த இடத்திலிருந்து உங்கள் எண்ணை எடுத்துவிட்டோம். எடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை, கடைசியில் மேலாளர் ஜியான்தான் செய்தார். செய்துவிட்டு வெளியே போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இந்த மடலோடு ஒரு பச்சைப் பொட்டலமும் தருகிறோம். தேதி பார்த்துத்தான் வாங்கினோம். உங்கள் வீட்டுத் தொலைபேசியின் தலையில் வையுங்கள், இனியாவது அது சாப்பாட்டு வேளையில் அடங்கிக் கிடக்கட்டும். நல்ல மூச்சும் நல்ல தூக்கமும், ஆறாத சோறும், ஆசைப்பட்ட ஊர்ப் பயணங்களும் பெற்று நீங்கள் நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறோம்.

ஆனால் உங்களை விட்டுவிடுவோம் என்று மட்டும் எண்ண வேண்டாம். முறைவைத்து ஆளுக்கொரு நாள் கூப்பிடுவோம். எப்படி இருக்கீங்க அக்கா என்று கேட்போம். கொஞ்சம் யோசித்து, முட்டி வலி, தூக்கமில்லை, தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று இழுத்து இழுத்துச் சொல்லுங்கள். நல்லா இருக்கேன் என்று உடனே பதில் வந்தால் நாங்கள் நம்பமாட்டோம். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவோம்.

என்றும் உங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
தீவு மருத்துவமனைகளின் தரவு மையப் பணியாளர்கள்,
காவ்ஷியோங்.