ரத்தம் சுத்தம்

வெயிலில் உங்களை இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. டீ சொல்கிறேன், சர்க்கரை கம்மியாக. நம் வயதில் இதயத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் அருஞ்சுனை பார்த்துக்கொள்ளாதவர். அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிற பாதிப்பேர் எங்கள் கடையில்தான் நூல் வாங்குகிறார்கள். வந்தவர்களோடெல்லாம் உட்கார்ந்து வடை தின்றே நெஞ்சை அடைத்துக்கொண்டார். மதுரையில் பைபாஸ் ஆபரேஷன். மதினி சண்முகவடிவுக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது என்பதால் நான்தான் கூட இருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனையைக் காட்டினார். இதயம் திணறினால் ரத்தத்தில் ஒரு பொருள் ஏறுமாம். உடம்புக்குள் அழற்சி இருந்தால் இன்னொன்று ஏறுமாம். அண்ணனுக்கு இரண்டும் ஏறிக் கிடந்தன. இப்படி இருப்பவர்களில் பலர் வருஷம் தாண்டுவது கஷ்டம், ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் இறங்கலாம், இது ஜோசியம் இல்லை என்றார். பெரிய படிப்பு படித்தவர்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கேட்பவன்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வருஷம் தாண்டாது என்பதை நான் எடுத்துக்கொண்டேன்.

சொந்தபந்தத்துக்கும் அதையே சொன்னேன். ஆரஞ்சும் ஆப்பிளுமாக வந்து அழுதுவிட்டுப் போனார்கள். கடையை நான் பார்த்தேன். மீசை முளைத்ததிலிருந்து குடோனில் நூல்மூட்டை இறக்கியவன் நான். அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளே, முதலாளி இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அப்படிக் கூப்பிடச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர்கள் மனசு புண்படக் கூடாது பாருங்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் தேற ஆரம்பித்தார். அவருக்கு எப்போதுமே சமயம் தெரியாது. மதினி வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீருமாக முன்னால் நிற்பார். நடை, இட்லி, தூக்கம் என்று மனிதர் மினுமினுத்துவிட்டார். ஒருநாள் காலையில் கடைக்கே வந்து, நான் எழுந்திருப்பதற்காக நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"குடோனுக்குப் போ தம்பி. லோடு வந்து நிக்குது."

போனேன். ஊரே அழுது முடித்த பிறகு ஒருவர் இப்படி நடந்துகொள்வது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு ரத்தத்தை இங்கேயே எடுத்தார்கள். பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று சொல்லி ரிப்போர்ட்டை நானே மதுரைக்குக் கொண்டுபோனேன். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டும் நன்றாக இறங்கிவிட்டன, மாத்திரை வேலை செய்கிறது, ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து, ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றேன். அதில் பொய்யில்லை. இனி மாத்திரை குடலைத்தான் கெடுக்கும் என்றேன். அது என் சொந்த அபிப்பிராயம். மதினிதான் இழுத்தார்.

"டாக்டரு அவுக வாயால சொன்னாகளா?"

"ரத்தமே சொல்லுது மதினி. அவுக வேற எதுக்குச் சொல்லணும்?"

அண்ணனுக்கு மாத்திரையைக் கண்டாலே குமட்டும்; அன்றைக்கே நிறுத்திவிட்டார். தம்பி இல்லாவிட்டால் நான் இல்லை என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பங்குனியில் அண்ணனும் நானும் திருச்சுழிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். புறப்படும்போது மதினி மனசு கேட்காமல் ஒரு மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்தார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிறது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பந்தியில் அண்ணன் பாயாசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஆட்டோவுக்கு ஓடப் பார்த்தார். வாயுப் பிடிப்புதான் என்று அந்த ஆளை உட்கார வைத்தேன்.

"ஏலே, ரத்தம் சுத்தந்தான?" என்று அண்ணன் கேட்டார்.

"சுத்தம்ணே" என்றேன்.

அவர் போன பிறகு மதினி டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறார். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அதனால்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள். புரிகிறது.

அந்த அட்டை என் பையில்தான் இருந்தது, ஐயா. கையை வைத்தும் பார்த்தேன். எடுத்துக் கொடுத்திருந்தால், நான் சொன்னதெல்லாம் பொய் என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். உயிர் போகிற மனிதருக்கு அப்படியொரு வேதனையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். கடைசிவரை என்னை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.